திங்கட்கிழமை சொல்லாமல் விட்டது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அந்தக் கோபத்தால்தான் நான் பேராசிரியரைத் தெரிவு செய்யும் குழுவுக்குள் போய்ச் சேர்ந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் துறையில் நிலத்தடி நீர் படிப்பிக்க ஒரு புதிய பேராசிரியரை எடுக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். ஜேர்மனியில் ஒரு பேராசிரியரை எடுப்பது கலியாணம் பேசுவதைவிடப் பெரிய சடங்கு. அதற்கென்று ஒரு தெரிவுக்குழு போடுவார்கள். அதில் பேராசிரியர்கள் இருப்பார்கள், ஆராய்ச்சி ஊழியர் சார்பில் ஒருவர் இருப்பார், மாணவர் சார்பிலும் ஒருவர் இருக்கவேண்டும். சும்மா ஓரத்தில் இருந்து பார்ப்பதற்கல்ல. அந்த மாணவருக்கும் வாக்கு உண்டு.

அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்ய எங்கள் துறை மாணவர் மன்றத்தில் கூட்டம் வைத்தோம். மன்றம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நிலக்கீழ் அறை ஒன்று, பஞ்சு வெளியே தள்ளிய சோபா, யாரோ கழுவாமல் விட்டுப்போன கோப்பைகள், பழைய பரீட்சைத் தாள்கள் அடுக்கிய அலுமாரி. புதிதாக வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு வைப்பதும் கோடை விழாவில் வாஃபிள் சுட்டு விற்பதும்தான் எங்கள் அரசியல். அன்றைக்கு யார் போவது என்று கேட்டதும் எல்லோரும் தங்கள் ஃபோனைப் பார்த்தார்கள். எல்லாத் துறைகளுக்கும் மேலான பீடச் சபையில் மாணவர் பிரதிநிதியாக இருந்த ஒருவன், தலைமயிரைக் குடுமியாகக் கட்டியிருப்பான், அவன் மட்டும் வாய் திறந்தான். அங்கே போய் என்ன, நாங்கள் சொல்லியா அவர்கள் கேட்கப் போகிறார்கள் என்றான்.

எனக்கு வந்ததே எரிச்சல். விரிவுரை விளங்கவில்லை, அந்த ஆளுக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று இவ்வளவு நாளும் இதே சோபாவில் கிடந்து புலம்பினீர்கள், ஆளை எடுக்கிற மேசையில் கதிரை போட்டுத் தந்தால் மட்டும் போகமாட்டீர்களா என்று கத்திவிட்டேன். அப்படியென்றால் நீயே போ என்றார்கள். போனேன்.

எங்கள் வீடு ஹம் என்ற ஊரில். பல்கலைக்கழகத்துக்குப் பிராந்திய ரயிலில் முக்கால் மணி நேரம், அதாவது ரயில் வந்தால். அப்பா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில். குழுவில் இருக்கிறேன் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டில் சொன்னேன்.

“ஓம் ஓம், நான் ஆருக்குச் சொல்லப் போறன்” என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஓர் அக்கா என் கையைப் பிடித்து, “பேராசிரியர்மாரை நீதானாம் எடுக்கிறாய்?” என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் ஊர் வாயே அப்பாதான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த மேசையில் எங்கள் ஆட்களில் யாரும் முன்பு இருந்ததில்லை. என்னுடைய கையும் உயர்ந்தால்தான் கணக்கு என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

குழுவின் தலைவி ஐம்பது வயதைத் தாண்டிய பேராசிரியை. மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார், கூட்டம் இரண்டு மணிக்கென்றால் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்துவார். முதல் கூட்டத்திலேயே எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். இங்கே பேசுவதை வெளியே பேசமாட்டேன். விண்ணப்பித்தவர்கள் யாருடனாவது எனக்குத் தொடர்பு இருந்தால், அல்லது இடையில் ஏற்பட்டால், உடனே தெரிவிப்பேன். சந்தேகம் என்றாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள், சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை என்றார் அவர். பேராசிரியர்மாரில் எனக்கென்ன சித்தப்பாவா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டோம். நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தெற்கு ஜேர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிணறுகளில் எப்படி மெல்ல மெல்ல உப்பு ஏறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அவருடைய கோப்பை நான் இரண்டு தடவை படித்தேன். தற்காலிக ஒப்பந்தத்தில் ஓர் ஆராய்ச்சியாளரை இத்தனை வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இங்கே ஒரு சட்டம். ஆட்களைக் காப்பாற்றத்தான் போட்டார்களாம். நிரந்தர வேலை கொடுக்க மனமில்லாதவர்கள், உன் காலம் முடிந்தது, போய்வா என்று சொல்லத்தான் அது உதவுகிறது. அவருடைய காலம் அந்த செப்டெம்பரில் முடிகிறது. எங்கள் இடம் கிடைத்தால் குடும்பத்தோடு இங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மாதிரி விரிவுரை செய்தார். தமிழர் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மற்ற நான்கு பேரும் தங்கள் திரையோடு பேசினார்கள், இவர் எங்களோடு பேசினார். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் மணலை நிரப்பிக்கொண்டு வந்து, ஒன்றில் நல்ல தண்ணீரும் மற்றதில் நிறம் கலந்த உப்புத் தண்ணீரும் ஊற்றி, மேசையில் வைத்துவிட்டு, இந்த விரிவுரை முடிவதற்குள் எது எவ்வளவு தூரம் இறங்கும் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார். அவருடைய ஜேர்மன் கொஞ்சம் கரடுமுரடு. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முடிந்தபிறகும் மாணவர்கள் போத்தலைச் சுற்றி நின்றார்கள். குடுமிக்காரன் கூட நின்றான். பிறகு நடந்த மூடிய நேர்முகத்தில் என் முன்னால் இருந்த பெயர்ப் பலகையை அவர் ஒரு தடவை பார்த்தார். நான் ஜேர்மனில் கேள்வி கேட்டேன், அவர் ஜேர்மனில் பதில் சொன்னார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் புயல். எங்கோ தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில்கள் நின்றுவிட்டன. ஹம் ஒரு சந்தி. நாலு பக்க ரயிலும் அங்கே வந்து சேர்ந்து பிரியும், எங்காவது ஏதாவது பிழைத்தால் சனமெல்லாம் அங்கேதான் கொட்டுப்படும். ஐந்தரைக்கு நான் இறங்கியபோது மேடையில் ஒரு மர வாங்கில் அவர் குந்தியிருந்தார், மடியில் போத்தல் பை. தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம் என்று நினைத்தேன். ஆனால் என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, ரயில் தாமதம் என்று காரில் இருக்கப் பொறுக்காமல் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

“தம்பி, தமிழோ?”

“ஆமாங்க.”

“எங்க போகோணும்?”

“எர்லாங்கன் போகணுங்க சார். ட்ரெயின் எல்லாம் கேன்சல். எட்டு மணிக்குத்தான் அடுத்ததுன்னு சொல்றாங்க.”

“அதுவரைக்கும் இந்தக் குளிருக்கையோ இருக்கப் போறீங்கள்? சாப்பிட்டீங்களோ?”

“காலைல ஒரு பன் சாப்பிட்டேனுங்க.”

அவ்வளவுதான். அப்பா அவருடைய பெட்டியைத் தூக்கிவிட்டார். இது அப்பாவின் வியாதி. எண்பதுகளில் அவர் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது முன்பின் தெரியாத ஒருவர் அறைக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாராம். அந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அந்தச் சோற்றுக்குப் பதிலாக ஹம் ஸ்டேஷனில் அகப்படுகிற தமிழர் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவருவார். ரயில் மாறுகிற இஞ்சினியர்மார், சென்னையிலிருந்து வந்து முதல் குளிரில் நடுங்குகிற மாணவர்கள், ஒருமுறை கனடாவிலிருந்து வந்த ஒரு முழுக் குடும்பம்.

நான் அப்பாவின் கையைப் பிடித்து ஒதுக்கிக்கொண்டு போனேன். “அப்பா, ஏலாது. இவர் எங்கட குழுவுக்கு நேர்முகத்துக்கு வந்த ஆள். நான் வாக்குப் போடோணும்.”

“அதுக்கு?”

“வீட்டை கூட்டிக்கொண்டு போகக் கூடாது.”

“ஏன், சோறு போட்டால் லஞ்சமோ? என்ன விசர்க் கதை கதைக்கிறாய். நீ அவரோட ஒண்டும் கதையாதை. அவர் என்ர விருந்தாளி.”

அவரும் சொன்னார். “வேண்டாங்க சார், மேடம் கமிட்டில இருக்காங்க, தப்பாயிடும்” என்றார். ஒரு தடவைதான் சொன்னார். பசித்தவரால் அதற்குமேல் சொல்ல முடியாது. நானும் ஒரு தடவைக்குமேல் சொல்லவில்லை. பிடிவாதமாக நின்றிருந்தால் அப்பா கேட்டிருப்பார். பஸ்ஸில் போகிறேன் என்று நானாவது விலகியிருக்கலாம். அந்த விரிவுரையைக் கேட்டபிறகு அவரை அந்த வாங்கில் விட்டுப் போக எனக்கும் மனம் வரவில்லை.

அப்பா ஸ்டேஷனிலிருந்தே ஃபோனில் சொல்லிவிட்டதால், கார் வந்து சேர்வதற்குள் அம்மா புட்டு அவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் மச்சம் மாமிசம் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். எங்க பக்கம் புட்டுன்னா இனிப்புங்க என்று தயங்கித் தயங்கித்தான் குழம்பை ஊற்றினார். பிறகு மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். அம்மாவுக்குத் தலைகால் தெரியவில்லை. வேலையைப் பற்றி, குழுவைப் பற்றி, ஒரு சொல் யாரும் பேசவில்லை. இதைக் கோயிலில் சூடம் அணைத்துச் சொல்வேன். அவர் மகளைப் பற்றித்தான் பேசினார். நாலு வயது. “தூக்கத்துல கூட ஜெர்மன்லதாங்க பேசறா” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையா கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

புறப்படும்போது அப்பா ஃபோனை எடுத்தார். எல்லோரும் ஒரு படம் எடுப்போம் என்றார். அம்மா பிடித்த படத்தில் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். ஞாயிற்றுக்கிழமை காலைதான் அந்தப் படத்தைத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுவில் பார்த்தேன். கீழே அப்பா எழுதியிருந்தார்: எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரப்போகும் தமிழ்ப் பேராசிரியர் எங்கள் இல்லத்தில். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அப்பா பயந்துபோய் உடனே அழித்துவிட்டார். அதற்குள் பாதிப் பேர் கைகூப்பி வாழ்த்திவிட்டார்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, நாளைக்குத் தலைவியிடம் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை ரயிலில் முக்கால் மணி நேரமும் அந்த ஒரே வசனத்தை ஜேர்மனில் சொல்லிப் பார்த்தேன். ரயில் நின்றுபோனதால் நான்காவது விண்ணப்பதாரர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், இதைத் தெரிவிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம்.

தலைவியின் அறைக் கதவு திறந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். சனிக்கிழமை நான் அனுப்பியிருந்த மாணவர் அறிக்கை அவர் கையில் இருந்தது. ஐந்து விரிவுரைகளையும் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். பல வருடமாக இப்படிக் குழுக்களில் இருக்கிறேன், இவ்வளவு கவனமாக ஒரு மாணவர் எழுதி நான் பார்த்ததில்லை, புதன்கிழமைக் கூட்டத்தில் நீங்களே வாசியுங்கள் என்றார். எனக்குக் காது சுட்டது. என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்.

கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தேன் என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் அன்று காலை பத்தே காலுக்குச் செய்தேன். பயத்தில் செய்தேன் என்று பிறகு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்த எட்டுப் பக்கமும் வேறு யாரோ வாசிப்பார்கள், புதன்கிழமை கை உயர்த்தும்போது என் கை அங்கே இருக்காது. எனக்கு அந்தக் கை வேண்டும். அவருக்காகத்தான் இருக்கிறேன், என் வாக்கு இல்லாவிட்டால் அவர் தோற்றுப்போவார் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை எட்டுப் பக்கத்தையும் வாசித்தேன். எல்லோரும் மேசையில் விரல் மடக்கித் தட்டினார்கள், அதுதான் இங்கே கைதட்டல். பிறகு வாக்கெடுப்பு. அவரை முதலாவது இடத்தில் வைக்க யார் சம்மதம் என்று தலைவி கேட்டதும் ஒன்பது கையும் உயர்ந்தன. எதிர்ப்பு இல்லை, நடுநிலை இல்லை. என் கை தேவைப்படவே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பிறகு வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்து மதிப்புரைகள் வரவேண்டும், பீடச் சபை சம்மதிக்க வேண்டும். எல்லாம் ஆமை வேகம். ஜூன் மாதம் பீடச் சபை கூடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மன்ற அறையில் கோடை விழாவுக்கு மாக்கலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை, அவளும் ஹம்தான். சந்தோஷமாக வந்து என் பக்கத்தில் இருந்து, “அக்கா, இவர்தானே எங்களுக்குப் புரொஃபசரா வாறார்? அம்மா குரூப்பில வந்த இந்தப் படத்தை எடுத்து வைச்சிருந்தவ” என்று ஃபோனை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். படத்தில் அவர், அப்பா, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். மேசையில் புட்டு.

குடுமிக்காரன் படத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த முகம் தெரியும். அவனும் அந்தப் போத்தலைச் சுற்றி நின்றவன்தானே. வெளியே வா என்றான். இதை நீ குழுவில் சொல்லியிருக்கிறாய்தானே என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த வாரம் சபையில் நான் இதற்கு வாக்களிக்க வேண்டும், தெரிந்துகொண்டு எப்படிக் கை தூக்குவேன், நாளைக்குள் நீ சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்லவேண்டி வரும் என்றான். நான் அவனைத் திட்டினேன். காட்டிக்கொடுப்பவன் என்றேன், ஒரு மனிதருக்குச் சோறு போடுவது உங்களுக்கு விளங்காது என்றேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் சொன்னது சரி என்பது தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு வாய் வந்தது.

அடுத்த நாள் தலைவியிடம் போனேன். பெப்ரவரியில் ரயிலில் பாடமாக்கிய அதே வசனத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. எந்த நாள் என்று கேட்டார், சொன்னேன். தெரிவைப் பற்றிப் பேசினீர்களா என்றார், இல்லை என்றேன். நம்புகிறேன், ஆனால் நான் நம்பி என்ன பயன் என்றார். பிறகு சொன்னதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. திங்கட்கிழமை நீங்கள் வந்து சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருப்பேன், நீங்கள் வாக்களிக்காமல் வெளியே இருந்திருப்பீர்கள், எட்டுக் கையோடு அவர் வந்திருப்பார். இப்போது இரண்டாவது இடத்தில் இருப்பவர் வழக்குப் போட்டால் பல்கலைக்கழகத்திடம் பதில் இல்லை.

சட்டப் பிரிவும் அதையேதான் சொன்னது. சபைக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலை மீளப் பெற்றார்கள். தெரிவு முழுவதும் செல்லாது, அடுத்த குளிர்காலத்தில் புதிதாக விளம்பரம், அவரும் விரும்பினால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விரும்பினால்! செப்டெம்பரோடு ஒப்பந்தம் முடிகிற மனிதர், அதோடு விசாவும் முடிகிற மனிதர், எந்தக் கூரையின் கீழ் இருந்துகொண்டு அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருப்பார்? என்னை யாரும் தண்டிக்கவில்லை. குழுவிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன், நன்றி என்று ஒரு பதில் வந்தது. படிப்பை முடித்தேன். இப்போது நல்ல வேலையில் இருக்கிறேன்.

ஆகஸ்டில் அவர் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தார். அன்று ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது இரண்டு பேரும் நம்பர் மாற்றியிருந்தார்கள். அப்பா வழக்கம்போல் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மேசையில் வைத்தார். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

“ஊருக்குக் கிளம்பறோங்க சார். அன்னிக்கு அவ்வளவு அன்பா சாப்பாடு போட்டீங்க, சொல்லாமப் போக மனசு வரலை.”

“என்ன தம்பி, எங்கட யூனிவர்சிட்டிக்கெல்லோ வாறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்?”

அவர் முதலில் அம்மாவின் சுகம் விசாரித்தார். பிறகு, “அந்த ஃபோட்டோ யாரோ பாத்துட்டாங்களாம் சார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டது கேள்வியாயிடுச்சு. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டாங்க” என்றார். அப்பாவின் முகம் செத்துப்போனது. ஃபோனின் அந்தப் பக்கத்தில் அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், அவசரமாகச் சொன்னார்: “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சார். உங்க பொண்ணு மேலயும் தப்பில்லை. அவங்க அப்பவே முறையா சொல்லியிருப்பாங்க, எனக்குத் தெரியும். இங்க ரூல்ஸ் அப்படிங்க.”

நான் அந்த ஃபோனுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் வைத்தபிறகு அப்பா நீண்ட நேரம் எழும்பவில்லை. “நான்தான் அந்தத் தம்பியின்ர வேலையைக் கெடுத்தனான்” என்றார். “சோறு போட்டது பிழையோ?” என்றார் அம்மா. “சோறு போட்டது பிழையில்லை. படம் போட்டது பிழை. என்ர புழுகம், பெருமை காட்ட நினைச்சது” என்றார். அப்போதும் நான் பேசவில்லை. தலைவியிடம் பேசாமல் இருந்ததற்காவது ஆசை என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோழை என்பதைத் தவிர.

அதற்குப் பிறகு அப்பா பெற்றோர் குழுவிலிருந்து விலகிவிட்டார். என்னைக் கூட்டிப்போக வந்தால் காரைவிட்டு இறங்கமாட்டார். வீட்டுக்கு யாரையும் கூட்டிவருவதில்லை. புட்டு அவிக்கும்போது நாலு பேருக்கு அதிகமாக மா குழைக்கிற பழக்கம் அம்மாவிடமிருந்தும் போய்விட்டது. தெரிந்தவர்கள் கேட்டால் வயசு போகுது, ஏலாமல் இருக்கு என்பார் அப்பா. கல்வீட்டு மதில் மாதிரி இருந்த மனுஷன் அறுபத்தொரு வயதில் வாசல் கதவைப் பார்த்துப் பயந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். இடையில் ஒருநாள் இணையத்தில் அந்தக் கோயம்புத்தூர்க்காரரின் பெயரைத் தேடினேன். ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார். கிணறுகளைப் பற்றி அவர் பெயரில் புதிதாக ஒரு கட்டுரையும் இல்லை.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, மாலை ஏழு மணி இருக்கும், நான் அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த குடும்பமாம், மதுரைப் பக்கம், கணவன் ஐ.டி. வேலை. கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வாசலில் நின்று, பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வாங்க அங்கிள், இங்க எங்களுக்கு யாரையும் தெரியாது என்றார்கள். அப்பா கதவைப் பாதிக்குமேல் திறக்கவில்லை. “எனக்கு அண்டைக்கு வேலை இருக்கு, குறை நினைக்காதேங்கோ” என்றார். அவர்கள் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “கைக்குழந்தையோட ஒரு தமிழ்ச் சனம் படியேறி வந்து கூப்பிடுது. இப்படியோ அனுப்புறது?”

“எங்களாலை அவையளுக்கு ஒண்டும் வராமல் இருக்கட்டும்” என்றார் அப்பா.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். திங்கட்கிழமை தலைவியின் அறைக்குப் போனது, எட்டுப் பக்கம், கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வந்தது, குறிப்பேட்டில் ஒரு வரி என்று அவர் சொன்னது, எல்லாம்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ திங்கட்கிழமை சொல்லியிருந்தால், நான் படம் போட்டதுக்குப் பிறகும் அவருக்கு வேலை கிடைச்சிருக்குமோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“கை உயர்த்த ஆசைப்பட்டனான், அப்பா.”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அப்பா கதிரையில் இருந்தார். எனக்கு அடித்திருந்தால் நல்லாயிருக்கும் போல இருந்தது.

“நாலு வருஷம், பிள்ளை” என்றார். பிறகு, “அவருக்குச் சொன்னனியோ?”

“இல்லை.”

அவர் தன்னுடைய ஃபோனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, நம்பரைக் கண்டுபிடித்து என் முன்னால் வைத்தார்.

“அங்க இப்ப பதினொண்டரை, அப்பா. படுத்திருப்பினம்.”

“எழுப்பு” என்றார்.